மல்லிகை கல்லான வாரம்

குளிர்பதனப் பெட்டி என்பது மனித அறிவுக்குக் கட்டுப்பட்டே தீர வேண்டிய இயந்திரம். இதை முழுமையாக உணர்ந்தவர்கள் பேராக் மாநிலத்தில் இரண்டே பேர். ஒருவன் பவித்ரன். இன்னொருவரைப் பவித்ரன் இதுவரை சந்திக்கவில்லை.

இந்தத் தகுதி அவனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஈப்போவில் டிப்ளோமா படிக்கிறான், இரண்டாம் ஆண்டு. குளிர்பதனம் என்று ஒரு பாடம், பதினான்கு வாரம். ஒன்பது வாரம் வகுப்புக்குப் போனான். மிச்ச ஐந்து வாரத்தை ஊகித்துக்கொண்டான். ஊகித்த பகுதியிலிருந்தே தேர்வில் கேள்வி வந்தது என்றால் அது கேள்வித்தாள் தயாரித்தவரின் குறை. அதே பாடத்தை அடுத்த பருவத்தில் மறுபடியும் படிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மேதைகள் சொந்த விஷயம் பேசுவதில்லை.

வீடு என்றால் புந்தோங்கில் ஒரு தரை வீடு. ஆள் என்றால் தினேஸ்வரி அக்கா. அம்மாவும் அப்பாவும் காம்பாரில் அண்ணன் வீட்டோடு போய்விட்டார்கள். அக்கா பதினொரு வருஷம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சிப்புகளை பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அக்கா போகவில்லை. பூதக்கண்ணாடி பார்த்த கண்ணும் சிப்பு பொறுக்கிய விரலும் மிச்சம் இருந்தன. பூ கட்ட உட்கார்ந்தாள். அவள் கட்டும் சரத்தில் மொட்டுக்கும் மொட்டுக்கும் இடைவெளி அளந்து வைத்த மாதிரி இருக்கும்.

காரில்லாத அந்த வீட்டின் கார் போர்ச்தான் பட்டறை. ஒரு நீள மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் பூவுக்கென்றே ஓர் ஐஸ்பெட்டி. இரண்டு கதவு, மேலே உறைபெட்டி, கீழே பூ. தெருமுனையில் உணவகம் வைத்திருக்கும் தாவூத் பாய், தன் கடைக்குப் பெரியது வாங்கியபோது கழித்துவிட்டது. அக்கா அதை வாங்கிக் கழுவித் துடைத்து, கதவில் மஞ்சள் குங்குமம் வைத்து, முன்னால் நீல ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டாள். போட்ட கையோடு சட்டமும் போட்டாள். சாமிக்குப் போகிற பூ இருக்கும் பெட்டி இது. கறி, மீன், முட்டை உள்ளே போகக் கூடாது. குளிக்காமல் கதவைத் தொடக் கூடாது. விரிப்பில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது.

கடைசிச் சட்டம்தான் பவித்ரனுக்குத் தீராத தீனி.

"அடுத்து என்னக்கா, அர்ச்சனைச் சீட்டு குடுப்பியா? பேரு, ராசி, நட்சத்திரம், எத்தனை லிட்டர்?"

"வாய மூடிட்டுச் செருப்பக் கழட்டு."

"இது பெட்டிக்கா. உள்ள கேஸு ஓடுது. கேஸுக்குச் செருப்பு தெரியாது."

அவன் கழற்ற மாட்டான். விரிப்பின் ஓரத்தில் நின்று உடம்பை வில்லாக வளைத்துக் கதவைத் திறப்பான். சட்டத்தை மீறாமலும் மதிக்காமலும் இருக்க அவன் கண்டுபிடித்த ஆசனம் அது. இந்த விரிப்புக் கதையைக் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் நடித்துக் காட்டி மூன்று முறை தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறான்.

இப்படிப்பட்ட பெட்டிக்குத்தான் அந்த வாரம் பைத்தியம் பிடித்தது. செவ்வாய்க்கிழமை, கீழ்த்தட்டு ரோஜாக்களின் ஓரத்தில் மெல்லிய பனி. புதன்கிழமை வைத்த மல்லிகை வியாழன் காலையில் கல். எடுத்து மேசையில் வைத்தால் டக்கென்று சத்தம். வெயில் பட்டதும் உருகி, வேகவைத்த வெங்காயம் மாதிரி பழுப்பாகத் தொங்கிவிட்டது. அக்கா கூட்டிக் குப்பையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்படிக் கூட்டித் தள்ள முடியாத நாள். மறுநாள் புரட்டாசி மூன்றாம் சனி. சுங்காய் ஊர்ப் பக்கம், ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் தலைவர் ராமையா தேடி வந்து பூ கேட்டிருந்தார்: நூற்றெட்டு முழம் மல்லிகை, சாமந்தி மாலை இருபது, துளசி மாலை பன்னிரண்டு. கோயில் வேன் மாலை ஆறு மணிக்கு வரும். அக்காவுக்குக் கிடைத்த முதல் கோயில் ஆர்டர். இது நன்றாக முடிந்தால் தைப்பூசம் வரைக்கும் கை ஓயாது. முடியாவிட்டால் மேசை இழுப்பறையில் ஒரு வேலை விண்ணப்பப் பாரம் இருக்கிறது. கையுறைத் தொழிற்சாலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. பாதி நிரப்பியிருந்தாள். மீதியை நிரப்ப மனமில்லாமல் பேனாவை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

காலை எட்டு மணிக்கு மொத்த வியாபாரி தெர்மோகோல் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனான். உள்ளே ஐஸ், ஐஸின் மேல் மொட்டு. அந்த ஐஸ் பன்னிரண்டு மணிவரை தாங்கும். அதற்குமேல் ஈப்போ வெயிலுக்கு மொட்டெல்லாம் வாய் திறந்துவிடும்; மலர்ந்த மல்லிகையை எந்தத் தலைவரும் வாங்க மாட்டார். ஐஸ்பெட்டியில் வைத்தாலோ கல்.

"பன்னெண்டு மணிக்குள்ள சரியாகணும். இல்லன்னா ராமையா அண்ணனுக்குப் போன் போட்டு வேற ஆளப் பாக்கச் சொல்லிருவேன்" என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாய்க்குத் தெரிஞ்ச ஒரு சீன ரிப்பேர்காரர் இருக்காராம். கூப்பிடவா?"

"எதுக்கு? நான் இருக்கறப்போ வெளியாள் வந்தா எனக்குத்தான் கேவலம்."

பவித்ரன் வேலையில் இறங்கினான். கல்லூரி ஆய்வகத்திலிருந்து சற்று நீண்ட இரவலாக எடுத்து வந்திருந்த வெப்பமானியைக் கீழ்த்தட்டில் வைத்தான். பத்து நிமிஷம் கழித்துப் படித்தான். மைனஸ் மூன்று. பூவுக்கு வேண்டியது ஐந்து.

"நோய் தெரிஞ்சிருச்சு" என்றான்.

"என்னது?"

"ரொம்பக் குளிருது."

அக்கா அவனைப் பார்த்த பார்வையிலேயே இரண்டு டிகிரி இறங்கியது.

உள்ளே இருந்த, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியை ஐந்திலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்தான். அடுத்தது கதவு ரப்பர்: தேர்வு நுழைவுச் சீட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தான். சீட்டு வரவில்லை, பாதி கிழிந்தது. ரப்பர் நல்ல ரப்பர். பின்பக்கம் போய் மோட்டாரில் காதை வைத்தான். ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் நின்று கேட்டான். ஒரு முறைகூட ஓய்வெடுக்கவில்லை. திருகியைக் குறைத்த பிறகும் நிற்காத மோட்டார். வெப்பமானி இப்போது மைனஸ் நான்கு.

அந்த நேரத்தில் தாவூத் பாய் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் மூன்றோடு வந்தார். தான் விற்ற பெட்டி மக்கர் செய்வதில் அவருக்கும் மானப் பிரச்சினை.

"என்ன தம்பி, ரோசாக்கா? கெட்டே போச்சா?"

"ரோசாக் இல்ல பாய். தெர்மோஸ்டாட்டுக்கு நிதானம் தப்பிருச்சு. வெளியிலிருந்தே கண்டுபிடிச்சிருவேன்."

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு லா. என் கடையில நாலு பெட்டி, இருபது வருஷம். எது மக்கர் பண்ணாலும் ஒரே வைத்தியம். மேலயும் கீழயும் உள்ள இருக்கிறது எல்லாத்தையும் வெளிய எடு. தொடை. திருப்பி அடுக்கு. பாதி சீக்கு அதுலயே போயிரும்."

"பாய், இது ஐஸ்பெட்டி. அலமாரி இல்ல. தீபாவளிக்கு அலமாரி ஒதுக்குற மாதிரி ஒதுக்கினா சரியாயிருமா? அப்ப எங்க லெக்சரரெல்லாம் எதுக்கு? ஒரு துணியும் வாளியும் போதுமே."

"எனக்குப் போதுது" என்று சொல்லிவிட்டுப் பாய் தேநீரை நீட்டினார். அக்காவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என் கடைச் சில்லர் பெட்டியில ஒரு தட்டு காலி பண்ணித் தரவா?"

"அதுல கோழி இருக்குமே பாய்."

"இருக்கு. பூ யாருக்கு?"

"பெருமாளுக்கு."

"அப்ப வேணாம். அவருகிட்ட எனக்கு எதுக்கு வம்பு."

பாய் போனார். ஆனால் அவர் சொன்ன வைத்தியம் போகவில்லை. அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துத்தான் பாப்போமே, பவி. மேல உள்ளதையும் எடுப்போம்."

"மேல வேணாம்."

"ஏன்?"

"மேல நல்லா இருக்கு. நல்லா இருக்கறதத் தொடக் கூடாது. அது முதல் பாடம்."

அது எந்தப் பாடமும் இல்லை. உண்மை வேறு. புரட்டாசி முழுக்க அந்த வீட்டில் சைவம். பவித்ரன் இரண்டு வாரம் பொறுத்தான். திங்கட்கிழமை, பேரங்காடியில் சிக்கன் நகெட் பெரிய பாக்கெட்டு ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்றார்கள். சமையலறைப் பெட்டியை அக்கா நாளுக்கு நான்கு முறை திறப்பாள். பூப்பெட்டியின் உறைபெட்டியிலோ, பூ கொண்டுபோகும்போது வைக்கிற ஐஸ் பைகளைத் தவிர ஒன்றும் கிடையாது, அவையும் முன்வரிசையில். ஆகவே இரண்டு பாக்கெட்டையும் நாளிதழில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பின்சுவரோடு சேர்த்து அழுத்தி வைத்திருந்தான். அக்கா கல்லூரிக்கு வழியனுப்பியதும் தெருவைச் சுற்றி வந்து நாலு நாலாகப் பொரித்துத் தின்பது என்பது திட்டம். இதுவரை ஒன்றுகூடத் தின்ன வாய்க்கவில்லை.

"மேல நல்லாவா இருக்கு?" அக்கா மேல்கதவைத் திறந்து முன்வரிசையிலிருந்து ஓர் ஐஸ் பையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அது ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருந்தது. "நேத்தே சொன்னேன். நீதான் காதுல வாங்கல. மேல தண்ணி, கீழ கல்லு. ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு வீடு மாத்திக்கிச்சா?"

பவித்ரன் ஐஸ் பையை அமுக்கினான். இன்னொரு முறை அமுக்கினான்.

ஒன்பதாவது வாரம். அவன் போன கடைசி வகுப்பு. விரிவுரையாளர் வெண்பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். மேல் அறையின் பின்சுவருக்குள் விசிறி. விசிறி தள்ளும் குளிர்காற்று, சுவரில் இருக்கும் துளைகள் வழியாக மேலே வரும். ஒரு பங்கு குழாய் வழியாகக் கீழே போகும். பழைய மாடல்களில் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் உணர்கருவி மேல் அறையில்தான் இருக்கும். துளையை அடைத்துவிட்டால் மேலே குளிராது. குளிரவில்லை என்று கருவி மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். மேலே வர வழியில்லாத காற்று முழுக்கக் கீழே கொட்டும்.

எந்தத் துளை, எதனால் அடைபட்டது என்பதை அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மோட்டார், ஐஸ் பை, மைனஸ் நான்கு: எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அவனுடைய வாழ்க்கையிலேயே மிகச் சரியான கண்டுபிடிப்பு. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அக்கா, பாய் கடையில போய் ஒரு ஸ்குரூடிரைவர் வாங்கிட்டு வாயேன்."

"உன் கையில இருக்கறது என்ன?"

பார்த்தான். ஸ்குரூடிரைவர்தான்.

"இதவிடக் கொஞ்சம் நீளமா."

"மணி பத்தரை, பவி." அவள் தெர்மோகோல் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஐஸ் பாதியாகிவிட்டது. மூடினாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பேனாவைப் பாரத்தின் மேலிருந்து எடுத்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாதவள் போல் விரலில் உருட்டிக்கொண்டு நின்றாள்.

பவித்ரன் போய் மின்சுவிட்சை அணைத்தான். மேல்கதவைத் திறந்து ஐஸ் பைகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினான். கடைசியில் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, கறுப்புப் பையை இழுத்தான்.

"என்ன அது?"

"அடைப்பு."

"அடைப்புக்குப் பேரு இருக்கா?"

"நகெட்டு" என்றான். கணக்கு நேர்மையாக இருக்கட்டும் என்று, "ரெண்டு பாக்கெட்டு" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனிடம் நான்கைந்து பதில்கள் தயாராக இருந்தன. அவள் குனிந்து அந்தப் பொந்துக்குள் பார்த்தாள். பின்சுவரில் கை வைத்துத் தடவினாள்.

"இது என்னடா? பிளாஸ்டிக்கு ஒட்டியிருக்கு?"

அதைத்தான் அவள் பார்க்கக் கூடாது என்று இருந்தான். நகெட்டைவிட அது பெரிய அவமானம். பின்சுவர்த் துளைகளின் மேல் ஒரு கெட்டி பிளாஸ்டிக் தாள், நான்கு பக்கமும் பழுப்பு நாடாவால், இஞ்சுக்கு இஞ்சு நீவி ஒட்டியது. பாக்கெட்டு மட்டும் என்றால் இண்டு இடுக்கில் கொஞ்சம் காற்று வந்திருக்கும். இது முழு அடைப்பு.

"எதுக்குடா இது?"

"கறிக்காத்து..." பவித்ரன் ஸ்குரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஓட்டை வழியாக் காத்து கீழ போகும்ல. சாமி பூ மேல பட்டுறக் கூடாதுன்னு."

அக்கா திரும்பி அவன் செருப்பைப் பார்த்தாள்.

"நீதான் கேஸுக்குச் செருப்பு தெரியாதும்ப."

"இது அறிவியல் முன்னெச்சரிக்கை."

"அறிவியலுக்குப் பெருமாளு மேல அவ்வளவு பயமா?"

அவன் நாடாவின் ஒரு முனையை நகத்தால் பெயர்த்தான். அக்காவின் வாய் கோபத்துக்கும் வேறு ஏதோ ஒன்றுக்கும் நடுவில் நின்று தடுமாறியது. கடைசியில் கோபம்தான் ஜெயித்தது, ஆனால் பாதி பலத்தில்.

"வியாழக்கிழமை பன்னெண்டு முழம் போச்சு. அது உன்னால. அத அப்புறம் பேசுவோம். இப்ப எல்லாத்தையும் வெளிய எடு. தட்டு, கூடை, ஒண்ணு விடாத. மஞ்சத் தண்ணி கரைச்சுத் தரேன். நீ தொடைக்கிற. நான் இல்ல, நீ."

தாவூத் பாய் தேநீர் குடித்தாயிற்றா என்று பார்க்கிற சாக்கில் மறுபடி வந்தபோது, பவித்ரன் தரையில் உட்கார்ந்து கண்ணாடித் தட்டை மஞ்சள் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாளி. தோளில் துணி. நாடாவின் பிசுபிசுப்பை நகத்தால் சுரண்டி விரல்முனை சிவந்திருந்தது.

"அலமாரி ஒதுக்குறியா தம்பி?"

"இப்பவும் இது அலமாரி இல்ல பாய். காற்றோட்டத்தில ஒரு தடை. கண்டுபிடிச்சு நீக்கிட்டேன்."

பாய் மேசைமேல் இருந்த கறுப்புப் பையைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார். "தடை கெட்டுப்போயிருச்சு லா" என்று சொல்லி, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு தன் கடைக் குப்பைத்தொட்டிக்குப் போனார். பெருமாள் வீட்டுக் குப்பையில் அது கிடக்க வேண்டாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினொன்றுக்குச் சுவிட்சைப் போட்டார்கள். பவித்ரன் திருகியை நடுவில், மூன்றில் வைத்தான். பின்சுவர்த் துளையில் உள்ளங்கையைக் காட்டினான். சில்லென்று வந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை அதில் நிறுத்திக் கீழ்த்தட்டில் வைத்தான். காற்று பொய் சொல்லும், தண்ணீர் சொல்லாது என்றான். அது எத்தனையாவது வாரப் பாடம் என்று அக்கா கேட்கவில்லை.

குழாய்த் தண்ணீர் இருபத்தெட்டில் தொடங்கியது. பதினொன்றரைக்குப் பத்தொன்பது. கதவைத் திறந்து திறந்து பார்க்காதே என்று அக்கா அவன் கையில் அடித்தாள். தெர்மோகோல் பெட்டியில் கடைசி ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதி நீந்திக்கொண்டிருந்தன. அவள் காத்திருக்கவில்லை, உட்கார்ந்து கட்டத் தொடங்கியிருந்தாள். நார், இரண்டு மொட்டு, ஒரு முடிச்சு. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பதினொன்று.

அப்போது மோட்டார் டொக்கென்று நின்றது.

அந்த வாரத்தில் அது ஓய்வெடுத்தது அதுதான் முதல் முறை. இருவரும் தலைநிமிர்ந்து கேட்டார்கள். சிறிது நேரம் கழித்துத் தானாகவே மறுபடி ஓடியது. மேலே குளிர்ந்தால் நிற்கிறது, சூடானால் ஓடுகிறது. புத்தி வந்துவிட்டது.

பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்தபோது ஒன்பது. அது போதும் என்று அக்கா மொட்டுகளை ஈரத்துணியோடு உள்ளே வைத்தாள். இரண்டு மணிக்குத் தண்ணீர் ஐந்தில் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. கட்டக் கட்டப் பூ சரம் சரமாக உள்ளே போனது. துளசியை மட்டும் அவள் வெளியிலேயே வாழையிலையில் சுற்றி வைத்தாள்; ஐஸ்பெட்டி துளசிக்கு ஆகாது, கறுத்துவிடும். இதைப் பவித்ரன் அன்றுதான் கேள்விப்பட்டான். தனக்கு முன்பே தெரியும் என்று தலையாட்டினான். துளசி மாலைக்கு நார் கிழித்துக் கொடுத்தான். எட்டு முறை முடிச்சு தப்பாகப் போட்டு, ஒன்பதாவதும் தப்பாகப் போட்டான்.

ஆறு மணிக்குக் கோயில் வேனில் ராமையாவே வந்திறங்கினார். ஒரு சரத்தை எடுத்து விரலால் ஓட்டிப் பார்த்தார். மூக்கருகில் வைத்தார். மொட்டு இன்னும் மொட்டாகவே இருந்தது. விடியற்காலை கோயிலில்தான் மலரும்.

"எப்படிமா இவ்வளவு பிரெஷ்ஷா?"

அக்கா பவித்ரனைப் பார்த்தாள். பவித்ரன் வானத்தைப் பார்த்தான்.

"தம்பி ஐஸ்பெட்டியப் பாத்துக்கறான் அண்ணே" என்றாள்.

"நாலாவது சனிக்கும் நீயே குடுத்துரு" என்றார் ராமையா. வேன் போன பிறகு அக்கா இழுப்பறையைத் திறந்து அந்தப் பாரத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில், அடுத்த வாரத்துக்கு வேண்டிய பூப்பட்டியலை எழுத ஆரம்பித்தாள்.

பவித்ரனுக்குச் சிற்றுண்டிச்சாலை நண்பன் ரூபனிடமிருந்து போன் வந்தது. போர்ச்சில் நடந்துகொண்டே பேசினான்.

"ஆமா மச்சான், அக்காவோட பெட்டிதான். மைனஸ் நாலு. காற்றோட்டத் தடை. மூணு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டேன் ... இல்ல லா, தடை எதனாலன்றது அவ்வளவு முக்கியம் இல்ல ... ஆமா, அந்த விரிப்பு இன்னும் இருக்கு. சிரிக்காத. இரு, ரீடிங் பாக்கணும்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நீல விரிப்பின் விளிம்பில் நின்றான். அக்கா பட்டியலில் குனிந்திருந்தாள். இடக்காலால் வலச்செருப்பை, வலக்காலால் இடச்செருப்பை மெல்லத் தள்ளி, அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுக்கினான். வெறுங்காலோடு விரிப்பில் ஏறிக் கதவைத் திறந்தான்.

"அஞ்சு மச்சான்" என்றான். "சரியா அஞ்சு."